அழுத்தாத விரல்

வெயிலுமுத்துவின் கையை டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த டேப்லெட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"நேத்து சாயங்காலம் ஏழு பத்துக்கு விளையாடியிருக்கீங்க. வலது ஆள்காட்டி விரல் நூத்தி எண்பத்தாறு தடவை பிரேக் அழுத்தியிருக்கு. ஒவ்வொரு தடவையும் கால் நொடிக்கும் குறைவு. இது இருபத்தஞ்சு வயசுக் கை. உங்களுக்கு நாப்பத்தி மூணு."

"டாக்டர், எனக்குச் சட்டைப் பித்தான் போட முடியல. பொண்டாட்டிதான் போட்டுவிடுதா."

"ரிப்போர்ட் அப்படிச் சொல்லலையே."

"ரிப்போர்ட்டா சட்டை போடுது?"

டாக்டர் சிரிக்கவில்லை. "லைட் டூட்டி கேட்டு எல்லாரும் வர்றாங்க மிஸ்டர் வெயிலுமுத்து. ஆனா டெப்போ லிஸ்ட்ல மூணாவது இடத்துல இருக்கற ஆள் வந்து கை வரலைன்னு சொல்றது இதுதான் முதல் தடவை. திங்கக்கிழமை டூட்டிக்குப் போங்க."

பொருநை நகரப் பேருந்துக் கழகத்தில் பதினேழு வருடமாக டிரைவராக இருப்பவனிடம், 'நீ பொய் சொல்கிறாய்' என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்று வெயிலுமுத்துவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவன் பொய் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால், சமாதானபுரம் தாண்டி ஒரு இறக்கத்தில், இளநீர் வண்டி ஒன்று கட்டை நழுவி ரோட்டுக்குக் குறுக்கே உருண்டு வந்தது. பின்னாலேயே அதைப் பிடிக்க ஒரு அம்மா ஓடி வந்தாள். வெயிலுமுத்து பிரேக்கைப் பிடித்தான். பிடித்ததாக நினைத்தான். கழகத்தின் புது மின்சார பஸ்களில் காலுக்கு ஓட்டம், கைக்கு நிறுத்தம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வலது விரல்களுக்கு எட்டுகிற மாதிரி நாக்கு போல ஒரு பிரேக் இருக்கும். அதை இழுத்தால் வண்டி நிற்கும். அன்று விரல் அதன் மேல் கிடந்தது, இழுக்கவில்லை. மூளை சொன்னது விரலுக்குப் போய்ச் சேரவேயில்லை. இடது கையால் பார்க்கிங் லீவரைப் பிடித்து இழுத்தான். ஐம்பத்திரண்டு பேரோடு வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, அந்த அம்மாவின் முழங்கையிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது.

அவள் அவனைத் திட்டக்கூட இல்லை. இளநீரைப் பொறுக்கப் போய்விட்டாள். அதுதான் அவனைத் தூங்கவிடாமல் செய்தது.

மறுநாளே லீவு போட்டு, லைட் டூட்டி கேட்டு மனு எழுதிக் கொடுத்தான். அதற்குக் கிடைத்த பதில்தான் இது.

இந்த ரிப்போர்ட் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் டிரைவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை இருந்தது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கையில் மூத்திரக் குப்பியோடு வரிசையில் நிற்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் கழகம் தன் ஐந்து டெப்போவிலும் புதுக் குடியிருப்பு கட்டியது. ஒன்றுக்கு நூற்று நாற்பத்து நாலு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் படுக்கையறை ஒன்றுதான். ஆனால் 'மீடியா ரூம்' என்று எட்டுக்குப் பத்தில் ஒரு அறை. சுவர் முழுக்கத் திரை, நாலு மூலையிலும் ஸ்பீக்கர், கறுப்புத் திரைச்சீலை, ஒரு சோபா. டிரைவர்கள் சாயங்காலம் அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து கார் ஓட்டும் கேம் விளையாட வேண்டும். கையில் இருக்கிற கன்ட்ரோலர் விரல் எவ்வளவு வேகமாக அழுத்துகிறது என்று எண்ணி, நேரே டாக்டருக்கு அனுப்பிவிடும். அதுதான் இனிமேல் பரிசோதனை. வரிசை இல்லை, குப்பி இல்லை. டிரைவர்கள் கைதட்டி வரவேற்றார்கள். டெப்போ வாசலில் தினமும் காலையில் மதிப்பெண் வரிசை வேறு ஒளிரும்.

அந்த வரிசையில் வெயிலுமுத்து ஐம்பத்திரண்டாவது இடத்தில் இருந்தான். ஆறு மாதமாக அவன் கை மரத்துக்கொண்டே வந்தது. அதே ஆறு மாதத்தில் அவன் பெயர் ஏறிக்கொண்டே போய் மூன்றாவது இடத்துக்கு வந்தது.

"தட்டுலருந்து வாய்க்குப் போகுறதுக்குள்ள பாதிச் சோறு தரையில கெடக்கு. டிவில மட்டும் ராசா மாதிரி ஓட்டுதிய" என்பாள் அவன் மனைவி சந்தனமாரி. "உங்க கையா, இல்ல வேற யாரு கையையும் ஒட்டிக்கிட்டு வந்துட்டியளா?"

அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கை நன்றாகத்தான் இருக்கிறதோ, மனசுதான் கெட்டுவிட்டதோ என்று. பஸ்ஸும் அப்படித்தான் சொன்னது. இளநீர் வண்டி விஷயத்தைத் தவிர, ஒரு ஸ்டாப்பில்கூட வண்டி நிற்காமல் போனதில்லை. 'வண்டிக்கே ரூட்டு தெரியும்' என்று டிரைவர்கள் கேலியாகச் சொல்வார்கள். பழைய டீசல் வண்டி மாதிரி இல்லை, தொட்டால் போதும், பூப்போல நிற்கும்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் வீட்டில் ஜெபமலர் இருந்தாள். குடியிருப்பின் மீடியா ரூம்களைப் பராமரிக்கிற ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறவள். ஸ்பீக்கர் கொரகொரக்கிறது என்று சந்தனமாரி புகார் கொடுத்திருந்தாள்.

வெயிலுமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தான். நடந்ததைச் சொன்னான். சந்தனமாரி கேட்டுக்கொண்டே டாக்டரின் பரம்பரையை வாழ்த்தினாள்.

ஜெபமலர் ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கினாள். "அண்ணாச்சி, மூணாவது இடமா வந்திய? போன வருசம் நான் வந்தப்போ ஐம்பதுக்குக் கீழல்லா இருந்திய?"

"ஆமா. கை போகப் போக மேல போறேன். முழுசா விளங்காமப் போனா முதல் இடம் கிடைக்கும்."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அவள் முகம் மாறியது. கருவிப் பையைத் துழாவி, நீளமான கறுப்பு வயர் சுற்றிய பழைய கன்ட்ரோலர் ஒன்றை எடுத்தாள்.

"இது எதுக்கு?"

"டெஸ்ட் பண்ண நாங்க வச்சிருக்கது. இதுல விளையாடுங்க."

வயரைத் திரைக்குக் கீழே சொருகினாள். வெயிலுமுத்து வாங்கிப் பிடித்தான். பந்தயம் தொடங்கியது. முதல் வளைவில் கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. திருப்பி விட்டான். அடுத்த வளைவில் மறுபடியும் மோதியது. மூன்றாவது வளைவில் பாலத்திலிருந்து கீழே விழுந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். விரல் நடுங்கியது, வளைந்தது, அழுத்தத்தான் மாட்டேன் என்றது. திரையின் ஓரத்தில் எண் வந்தது: பிரேக், பதினொன்று.

நூற்று எண்பத்தாறு எங்கே, பதினொன்று எங்கே!

சந்தனமாரி வந்து அவன் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ தடவை அந்தக் கையைக் கேலி செய்திருக்கிறாள். இப்போது விரல் ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

"அப்ப அதுல எப்படிம்மா ஜெயிக்கேன்?" என்றான் வெயிலுமுத்து, மேசை மேல் கிடந்த வயர்லெஸ் கன்ட்ரோலரைக் காட்டி. வெள்ளை நிறம், உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி வழுவழுப்பு. அடியில் பாதி மூடிய கண் ஒன்றின் படம். 'இமை' நிறுவனத்தின் முத்திரை அது. 'இமைக்கும் நேரம்கூடத் தாமதமில்லை' என்று விளம்பரத்தில் சொல்வார்கள்.

ஜெபமலர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதென்றால் அவளுக்குப் பசி தாகம் மறந்துவிடும்.

"வயர்ல நீங்க அழுத்துனது நேரே போயிரும். குழாய்த் தண்ணி மாதிரி. வயர்லெஸ்னா காத்துல போகணும். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல அம்பது கண்டக்டரும் ஒரே நேரத்துல ஊர்ப் பேரு சொல்லிக் கத்துனா என்ன ஆகும்?"

"ஒண்ணும் கேக்காது."

"கேக்காதவன் திரும்ப ஒருக்கா கத்துவான். இந்தக் குடியிருப்புலயும் அதான். நூத்தி நாப்பத்தி நாலு வீட்டு டிவி, லைட்டு, கன்ட்ரோலர், எல்லாம் ஒரே காத்துல கத்துது. நீங்க அழுத்துனது மோதி விழும், திரும்ப அனுப்பும். அதுக்குள்ள கார் சுவத்துல மோதிரும். இத எப்படிச் சரிபண்ணுனாங்க தெரியுமா? மதினி, அண்ணாச்சிக்கு எத்தன தோசை வைப்பிய?"

"மூணு" என்றாள் சந்தனமாரி.

"அவுக கேப்பாகளா?"

"எதுக்குக் கேக்கணும்? இருவது வருசமா மூணுதான். ரெண்டாவது தட்டுல இருக்கும்போதே மூணாவத ஊத்திருவேன்."

"அதேதான்! அதனால அண்ணாச்சிக்குக் காத்திருக்க வேண்டியதே இல்ல. இந்தக் கன்ட்ரோலரும் அப்படித்தான். நீங்க எப்படிப் பிடிக்கிய, எந்த வளைவுல அழுத்துதிய, எல்லாத்தையும் படிச்சு வச்சுக்கிடும். நீங்க அழுத்துறதுக்கு முந்தியே 'இவரு இப்ப அழுத்துவாரு'ன்னு டிவிக்குச் சொல்லிரும். பொறவு நெசமா நீங்க அழுத்துனது வந்து சேரும். ரெண்டும் சரியா இருக்கும். யாருக்கும் தாமதம் தெரியாது."

அவள் கண் மின்னியது. செய்தவன் தில்லாலங்கடி ஆனாலும் கைவேலை நல்ல கைவேலை என்று ரசிக்கிற மினுக்கம்.

"நான் அழுத்தலைன்னா?"

"அதுக்குத்தான் வாரேன். மதினி, அவுக மூணாவது தோசை வேண்டாம்னா?"

"எடுத்து நான் திம்பேன்."

"முதல்ல வந்த கன்ட்ரோலரும் அப்படி எடுத்துக்கிடும். 'தப்பாச் சொல்லிட்டேன், அவரு அழுத்தல'ன்னு. ஆனா எடுக்கும்போது கார் ஒரு குதி குதிச்சுப் பின்னால வரும். விளையாடுறவங்களுக்குப் பிடிக்கல. புகார் மேல புகார். அதனால போன வருசம் ஒரு அப்டேட் விட்டாங்க. அதுலருந்து சொன்னதத் திரும்ப எடுக்கறதே இல்ல. நீங்க அழுத்துனது வரலைன்னா, காத்துல மோதி விழுந்துட்டுன்னு முடிவு பண்ணிக்கிடும். நீங்க அழுத்தாமலே இருந்திருப்பியன்னு அது நினைக்கறதே இல்ல. போதும்னு சொன்னாலும் மூணாவது தோசை தட்டுல விழும். 'மூணும் தின்னாரு'ன்னு நோட்டுல எழுதி டாக்டருக்கும் போயிரும்."

"நான் பட்டினியாக் கெடந்தாலும்?"

"கெடந்தாலும்."

"கை போகப் போக மேல போனது?"

"உங்க விரல் நல்லா இருந்தப்போ அதுவும் நடுவுல புகுந்து தப்புப் பண்ணிச்சு. இப்ப அது புகுறதே இல்லல்லா? கன்ட்ரோலர் தனியா ஓட்டுது. தனியா ஓட்டுனா நல்லாத்தான் ஓட்டும்."

வெயிலுமுத்துவுக்கு அழுகை வரும் என்று சந்தனமாரி பயந்தாள். வரவில்லை. எழுந்து நின்றான்.

"ஆறு மாசமா நான் சோம்பேறி, நான் நடிக்கேன், என் மூளைதான் கெட்டுப்போச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என் கையப் பத்தி எனக்கே நம்பிக்கை இல்லாமப் பண்ணிட்டானுவளே! ஏம்மா, இது உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

ஜெபமலர் தலை குனிந்தாள். "அப்டேட்டோட வந்த தாளுல பதினோராவது வரில இருந்துச்சு. நான் படிச்சேன். கேமுக்குத்தானேன்னு விட்டுட்டேன். உங்க வீட்டுல அதப் போட்டதே நான்தான் அண்ணாச்சி."

அன்றே மேல்முறையீட்டு மனு போனது. விதிப்படி மறுபரிசோதனை டிரைவரின் வீட்டிலேயே, அவன் மீடியா ரூமிலேயே நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டெப்போ மேலாளர் நவநீதகிருஷ்ணன் வந்தார். கூட டாக்டர். சோபாவில் இருவரும் உட்கார்ந்ததும் வீட்டுக்காரர்களுக்கு நிற்கத்தான் இடம் இருந்தது.

வெயிலுமுத்து வயர் கன்ட்ரோலரில் விளையாடிக் காட்டினான். சுவரில் மோதினான், பாலத்திலிருந்து விழுந்தான். பிரேக், ஒன்பது.

நவநீதகிருஷ்ணன் காபியை ஆற்றியபடி சொன்னார்: "தோத்துக் காட்டறது பெரிய வித்தையா? அழுத்த முடியலையா, அழுத்தலையா? வயருக்கு என்ன தெரியும்?"

"அப்ப ஜெயிச்சா நெசம், தோத்தா நடிப்பு. நல்லாருக்கே உங்க ஞாயம்" என்றாள் சந்தனமாரி.

ஜெபமலர் இதை எதிர்பார்த்திருந்தாள். "சார், நீங்களும் விளையாடுவீங்கல்லா?"

"ஆபீசர்ஸ் லிஸ்ட்ல நான்தான் முதல் இடம்" என்றார் அவர். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப நீங்களே வயர்லெஸ்ல உங்க பேருல விளையாடிக் காட்டுங்க சார். ஒரே ஒரு சின்ன மாத்தம்."

அவள் தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து இரண்டாக ஒடித்தாள். கன்ட்ரோலரின் பிரேக் விசைக்குப் பின்னால் இருந்த இடுக்கில் இரண்டு துண்டையும் செருகினாள். இப்போது அந்த விசையை யானை மிதித்தாலும் உள்ளே போகாது. மேலாளர் அழுத்திப் பார்த்து, அசையவில்லை என்று ஒத்துக்கொண்டார். கட்டைவிரல் ரேகை வைத்துத் தன் பெயரில் நுழைந்தார்.

பந்தயம் ஓடியது. முதல் வளைவில் அவருடைய கார் அழகாக வேகம் குறைந்து திரும்பியது. இரண்டாவது வளைவு, பாலம், சுரங்கப் பாதை. ஒரு கீறல் விழவில்லை. முடிந்ததும் திரை முழுக்கப் பூ விழுந்தது. 'வாழ்த்துகள், நவநீதகிருஷ்ணன்! உங்கள் சொந்தச் சாதனையை நீங்களே முறியடித்துவிட்டீர்கள்!'

டாக்டர் டேப்லெட்டைப் பார்த்தார். "பிரேக், இருநூத்தி மூணு" என்று முணுமுணுத்தார்.

மேலாளர் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா... நான் நல்லா விளையாடுவேன்" என்றார், யாரிடமோ கெஞ்சுகிற குரலில்.

வெயிலுமுத்துவுக்கு அவர் மேல் ஒரு கணம் இரக்கம்கூட வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். அந்த நினைப்பு ஒரு நிமிஷம்தான் தாங்கியது.

நவநீதகிருஷ்ணன் எழுந்து திரைச்சீலையை விலக்கி வெளியே பார்த்தார். திரும்பும்போது மறுபடியும் மேலாளர் ஆகியிருந்தார்.

"கழகத்துல எழுநூத்தி இருபது டிரைவர் இருக்காங்க. எல்லாருக்கும் இதே ரிப்போர்ட்தான். இத நான் எழுதிக் கொடுத்தா, நாளைக்குக் காலையில ஒரு வண்டி வெளிய போக முடியாது. புரியுதா?"

"புரியுது சார். அதான் எழுதுங்கன்னு சொல்லுதேன்" என்றான் வெயிலுமுத்து.

"மேலிடத்துக்கு அனுப்பறேன். முடிவு வர்ற வரைக்கும் இருக்கற ரிப்போர்ட்தான் செல்லும். நாளைக்கு ஆறே முக்காலுக்கு நீங்க டூட்டிக்கு வரணும். வரலைன்னா வேலையை விட்டு ஓடிப்போனதா எடுத்துக்குவோம். அப்புறம் அந்த வயர் சாமான அனுமதியில்லாமக் குடியிருப்புக்குள்ள கொண்டு வந்திருக்கீங்க." அவர் குனிந்து வயர் கன்ட்ரோலரை உருவி, சுற்றி, பைக்குள் போட்டார். "இது எங்ககிட்ட இருக்கட்டும்."

"நெசத்தச் சொன்னது அது ஒண்ணுதான். அதக் கைது பண்ணிட்டுப் போறீங்களா?" என்று சந்தனமாரி வாசலை மறித்து நின்றாள். "இந்த ஆளு கை நடுங்க ஓட்டிப் போயி பத்துப் பேரு மேல ஏத்துனா, அப்ப எந்தக் கண்ணு மூடுன பொம்மை வந்து செயிலுக்குப் போகும்? நீரு போவீரா?"

மேலாளர் நின்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்:

"சரிம்மா, உங்க வீட்டுக்காரர் சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம். கை ஆறு மாசமா வேலை செய்யல. தினம் எட்டு டிரிப்பு, ஒரு டிரிப்புக்கு இருபத்தாறு ஸ்டாப்பு. ஆறு மாசமா ஒரு ஸ்டாப்பு விடல. அப்ப ஆறு மாசமா வண்டிய யாரு நிறுத்துனா?"

வெயிலுமுத்து ஜெபமலரைப் பார்த்தான். அவள் தன் கருவிப் பையைப் பார்த்தாள். மேலாளர் படியிறங்கிப் போனார்.

அந்தக் கேள்வி வீட்டிலேயே தங்கிவிட்டது. மத்தியானம் சாப்பிடும்போது இலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. தோசை போட்டால் தோசை மேல் உட்கார்ந்திருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வெயிலுமுத்து டெப்போவுக்குப் போனான். ஓட்டுவதற்கு அல்ல. 'என் கையை நம்பிப் பயணிகளை ஏற்ற மாட்டேன்' என்று சந்தனமாரி எழுதித் தந்த தாள் சட்டைப் பையில் இருந்தது. பார்த்ததைச் சாட்சி சொல்ல ஜெபமலரும் கூட வந்தாள். ஒப்பந்தக்காரர் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஞாயிறு மாலையே போன் வந்துவிட்டது.

முப்பத்தாறு வண்டிகள் வரிசையாக நின்றன. தன்னுடைய துண்டையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொள்ள அவன் தன் வண்டியில் ஏறினான். பழக்கம் விடவில்லை, சீட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தான். வலது கை தானாகப் போய் பிரேக் மேல் படுத்துக்கொண்டது. விரல் நுனிக்குத்தான் உணர்ச்சி இல்லை, நடுக்கணு இன்னும் உயிரோடு இருந்தது. அந்தக் கணுவில், பிரேக்கின் அடிப்பக்கம், ஏதோ ஒரு மேடு நெருடியது.

குனிந்து பார்த்தான்.

பாதி மூடிய கண்.

"மலரு!" அவன் குரலில் இருந்த எதுவோ அவளை ஓடி வரச் செய்தது. "இதப் பாரு. இதுல வயர் எங்க?"

அவள் டார்ச் அடித்து ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டாள். வெளியே வந்து டார்ச்சை அணைத்தாள்.

"வயர் இல்ல அண்ணாச்சி. ஸ்டியரிங் சுத்திக்கிட்டே இருக்கும்லா, உள்ள வயர் விட்டா முறுக்கி முறுக்கித் தேஞ்சு அறுந்துரும். அதனால அந்த வயரையே எடுத்துட்டு வயர்லெஸ் வச்சிருக்காங்க. அதே கம்பெனி. அதே..." அவள் நிறுத்தினாள்.

"அதே தோசை" என்றான் வெயிலுமுத்து.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபத்தாறு ஸ்டாப். பழகின ஸ்டாப், பழகின சிக்னல், பழகின வளைவு. தினமும் அழுத்துகிற இடங்கள் அதற்குத் தெரியும். இளநீர் வண்டி தினமும் வருகிறதா என்ன? அந்த அம்மா தினமும் ரோட்டுக்குக் குறுக்கே ஓடுகிறாளா?

"தீக்குச்சி வச்சிருக்கியா?"

அவள் கொடுத்தாள். பிரேக் அசையாதபடி இடுக்கில் செருகினான். வலது கையை அதன் மேல் சும்மா வைத்தான். இடது கையால் பார்க்கிங் லீவரைப் பிடித்துக்கொண்டான். முன்னால் ஆள் இல்லை என்று இரண்டு தடவை பார்த்தான். பிறகு வண்டியை நடக்கிற வேகத்தில் உருளவிட்டான்.

டெப்போ கேட்டுக்கு முன்னால் டைம் கீப்பர் அறை. தினமும் அங்கே நிறுத்தி ஜன்னல் வழியாகக் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி உருண்டது. முப்பதடி, இருபதடி. பத்தடியில் அது தானாக வேகம் குறைந்தது. பூப்போல, டைம் கீப்பரின் ஜன்னலுக்கு நேராக, ஒரு விரற்கடை தப்பாமல் நின்றது.

டைம் கீப்பர் வழக்கம்போல நோட்டை நீட்டினார். "போடும் அண்ணாச்சி. என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீரு?"

வெயிலுமுத்து நோட்டை வாங்கவில்லை. பிரேக்கிலிருந்து தீக்குச்சியைப் பிடுங்கிவிட்டு, மறுபடியும் வண்டியை நகர்த்தினான். கேட்டுக்கு நேராகக் கொண்டுபோய், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வாசலுக்குக் குறுக்கே கொண்டு வந்தான். அங்கே அவன் ஒருநாளும் நிறுத்தியதில்லை. வண்டிக்கு அந்த இடம் தெரியாது. அது போய்க்கொண்டே இருக்கப் பார்த்தது. அவன் இடது கையால் பார்க்கிங் லீவரை உச்சி வரைக்கும் இழுத்தான். அதற்கு மட்டும் சீட்டுக்கு அடியிலிருந்து பின் சக்கரம் வரை ஓடுகிற உருக்குக் கம்பி இருந்தது. அந்தக் கம்பி இறுகுகிற சத்தம் வண்டி முழுக்கக் கேட்டது.

சாவியை உருவிச் சட்டைப் பையில், சந்தனமாரி எழுதின தாளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

பின்னால் முப்பத்தைந்து ஹாரன் ஒன்றாகக் கத்தியது. ஜெபமலர் இறங்கி வரிசை வழியே ஓடினாள். ஒவ்வொரு வண்டியின் ஜன்னலிலும் நின்று டிரைவரிடம் ஏதோ சொன்னாள். நவநீதகிருஷ்ணன் அலுவலகப் படியிலிருந்து, பாதி மாட்டின சட்டைக் கையோடு ஓடி வந்தார்.

"மிஸ்டர் வெயிலுமுத்து! என்ன பண்றீங்க? வண்டிய எடுங்க! ஆறே முக்கால் ஆச்சு, ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க!"

வெயிலுமுத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"ஆறு மாசமா வண்டிய யாரு நிறுத்துனான்னு கேட்டியல்லா சார்? அது எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது, வாங்க, காட்டுதேன். ஆனா இன்னைக்கு நிறுத்துனது நான்தான்."

ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அடங்கின ஒவ்வொரு வண்டியிலும் டிரைவர் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, வயரைத் தேடிக்கொண்டிருந்தார்.